"கிரவுன் பினியன் போயிடுச்சு சார்!"

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் கேட்கவே பயப்படுகிற வாக்கியம் இது. என்ஜின் புகை தள்ளுது என்றால்கூட மனசைத் தேற்றிக்கொள்வார்கள். இதைக் கேட்டால் மட்டும் முகம் சுண்டிப்போகும். காரணம் சிம்பிள். என்ஜினில் என்ன நடக்கிறது என்று அரைகுறையாகவாவது எல்லாருக்கும் தெரியும். வண்டிக்கு அடியில், பின்பக்க ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கிற அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

அடுத்து நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். வண்டியை ஷெட்டில் விடுவார்கள். தெருமுனை வரை ஒரு ஓட்டு, திரும்பி வந்து ஒரு தீர்ப்பு. பிறகு சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் போய், உடைக்கப்பட்ட ஏதோ ஒரு வண்டியிலிருந்து ஒரு செட்டைத் தூக்கி வருவார். மாட்டியாகிவிட்டது, காசும் கொடுத்தாகிவிட்டது. ரெண்டே வாரத்தில் அதே "ஊங்ங்..." சத்தம். கடைசியில் பார்த்தால் போயிருந்தது வீல் பேரிங்காக இருக்கும். அல்லது டயர் :-)

இதைக் கேட்டதும் "மெக்கானிக் ஏமாத்திட்டான்" என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைகூட இல்லை. கோளாறு இன்னொரு இடத்தில் இருக்கிறது. நம்ம ஊர் ஷெட்டில் பொருளை மாற்றினால் காசு உண்டு, என்ன போயிருக்கிறது என்று பார்த்துச் சொன்னால் காசு கிடையாது. அதனால்தான் பார்க்காமலே மாற்றுகிறார்கள். இந்தப் பதிவில் சொல்ல வருவது அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பூசணிக்காயைக் கொஞ்சம் திறந்து பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் "பார்த்துச் சொல்றதுல என்ன கஷ்டம்?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

சிதம்பரம் தேரைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி தரிசனத்துக்கும் தேர் நாலு வீதியையும் சுற்றி வருகிறது. கீழ வீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் திரும்பும் முனையில் உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம்தான் போகும், வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகணும். தேருக்கு இதில் பிரச்சினை இல்லை. அதை மனிதர்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள், சக்கரங்கள் அச்சில் தனித்தனியாகச் சுற்றிக்கொள்கின்றன, மாட்டு வண்டி மாதிரியே. திருப்புகிற வேலை முட்டுக்கட்டை போடுகிறவர்களுடையது.

கார் அப்படி இல்லை. சக்கரமேதான் வண்டியைத் தள்ள வேண்டும். ரெண்டு பின்சக்கரத்தையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் நேராகப் போகும்போது சரி, முனை திரும்பும்போது ஏதாவது ஒரு டயர் தேய்த்துக்கொண்டே போகும். அம்பாசடரின் ரெண்டு பின்சக்கரங்களுக்கு நடுவே சுமார் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் இடைவெளி. ஒரு செங்கோணத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட சுமார் 2 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. வளைவு பெரிசோ சின்னதோ, இந்த வித்தியாசம் மாறாது (பத்தாம் வகுப்பு கணக்குதான், போட்டுப் பாருங்கள்). அந்த 2 மீட்டரைச் சமாளிக்கத்தான் டிஃபரன்ஷியல். பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1820களின் கடைசியில் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கப்புறம் பெட்ரோல் கார் வருவதற்கே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

உள்ளே இருப்பது இதுதான். என்ஜின் பக்கமிருந்து வரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் ஒரு சின்ன பல்சக்கரம், டெயில் பினியன். அது கடிக்கிற பெரிய வட்டம் கிரவுன் வீல். இந்த ஜோடி ரெண்டு வேலை செய்கிறது: நீளவாக்கில் வரும் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது, வேகத்தையும் நாலில் ஒரு பங்குக்கும் கீழே குறைக்கிறது. கிரவுனோடு சேர்ந்து சுற்றும் கூட்டுக்குள் சின்னச் சின்னதாக ஸ்டார் பினியன்களும், ஆக்சில் ஷாஃப்டின் நுனியில் உட்காரும் சன் கியர்களும் இருக்கின்றன. நேர் ரோட்டில் ஸ்டார் பினியன்கள் சும்மா இருக்கும். வளைவில் மட்டும் உருண்டு, ஒரு சக்கரத்திடமிருந்து குறைத்ததை இன்னொன்றுக்குக் கொடுக்கும். டபுள் என்ட்ரி மாதிரி, ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு, மொத்தம் மாறாது. காமர்ஸ் மாணவர்களுக்கு இதைவிடச் சுலபமாகச் சொல்ல முடியாது.

இது ஏன் தேய்கிறது? அம்பாசடர் 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. உத்தர்பாராவில் 2014 மே மாதம் வரை தயாரானது. அதில் இருப்பது ஹைபாய்டு வகை பல். அதாவது பினியன், கிரவுனின் நடுமட்டத்துக்கு நேரே இல்லாமல் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். இதனால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் தாழ்ந்து, வண்டியின் தரை மட்டமும் தாழ்கிறது. பல்லும் பெரிசாக, பலமாக இருக்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இந்தப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டும் போகின்றன. அந்த வழுக்கலில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதற்காகத்தான் கந்தகமும் பாஸ்பரசும் சேர்த்த தனி எண்ணெய். டப்பாவைத் திறந்தாலே மூக்கைத் துளைக்கும் அந்த வாடை கந்தகத்தின் கைங்கரியம். மெக்கானிக்குகள் "நைன்டி ஆயில்" என்று சொல்வது இதைத்தான். ஆனால் 90 என்பது அதன் கெட்டித்தன்மை மட்டுமே. டப்பாவில் ஹைபாய்டுக்கு ஏற்றது என்றோ ஜிஎல்-5 என்றோ போட்டிருக்கிறதா என்று பார்க்காமல், ஏதோ ஒரு நைன்டியை ஊற்றுகிறவர்கள் இன்னமும் உண்டு.

கடலூர் மாவட்டத்துக்கு இன்னொரு சிறப்பும் இருக்கிறது: தண்ணீர். 2011 டிசம்பரில் தானே புயல், 2015 நவம்பர்-டிசம்பரில் வெள்ளம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சலோடு வந்த தென்பெண்ணை வெள்ளம். வீடு மூழ்கியதைப் பேசுகிற நேரத்தில் காரின் ஆக்சிலைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள், நியாயம்தான். ஆனால் ஆக்சில் கூட்டின் மேலே காற்று போய்வர ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த ஓட்டை வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ரெண்டு மூணு நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். என்ஜின் ஆயிலை மாற்றுவார்கள், பிரேக்கைப் பார்ப்பார்கள், சீட்டைக் காயப்போடுவார்கள். டிஃபரன்ஷியல் ஆயில் மட்டும் காபி மாதிரி கலங்கிக்கொண்டு அப்படியே கிடக்கும். பேரிங்கில் துருப்பிடித்து, ஒரு வருஷம் கழித்துச் சத்தம் வரும்போது வெள்ளத்தை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். சத்தம் வருகிறது. எங்கிருந்து?

பின்னாலிருந்து வரும் சத்தத்துக்குக் குறைந்தது ஆறு சந்தேக நபர்கள் உண்டு: டயர், வீல் பேரிங், ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ், பினியன் பேரிங், கிரவுன்-பினியன் பல், ஸ்டார்-சன் கியர் பகுதி. கியர்பாக்ஸும் சேர்ந்தால் ஏழு. இதில் முக்கால்வாசிப் பேரை ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் விடுவிக்கலாம். என்ன, அதற்குச் சரியாக ஓட்டிப் பார்க்கணும். தெருமுனை வரை போய்வந்தால் போதாது. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ. விடியற்காலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் ரோடு காலியாக இருக்கும் ஒரு நேரான துண்டு கிடைத்தால் போதும், அதுதான் சோதனைச்சாலை.

முதல் வேலை, ஒரே வேகத்தில் கியரை மாற்றிப் பார்ப்பது. 45 கி.மீ. வேகத்தில் மூணாவது கியரில் ஒரு தடவை, டாப்பில் ஒரு தடவை. என்ஜின் சுற்று மாறும், சக்கரச் சுற்று மாறாது. சத்தத்தின் சுருதி மாறாமல் அப்படியே இருந்தால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னாலிருந்து வருகிறது. மாறினால் முன்பக்கம். கர்நாடக சங்கீதம் தெரிய வேண்டியதில்லை, ஹாரனுக்கும் காலிங் பெல்லுக்கும் வித்தியாசம் தெரிந்த காது போதும்.

அடுத்தது ஆக்சிலரேட்டர். 50-60 வேகத்தில் மெதுவாக அழுத்திப் பார்க்கணும், பிறகு கியரிலேயே காலை எடுத்துவிடணும், பிறகு ரெண்டுக்கும் நடுவே இழுவையும் இல்லாமல் தடையும் இல்லாமல் மிதக்கிற மாதிரி பிடிக்கணும். இழுக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினால், பல்லின் ஒரு முகம் தேய்ந்திருக்கிறது அல்லது பினியனின் ஆழம் தவறி இருக்கிறது. காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பல்லின் மறுமுகம், இல்லையென்றால் பினியனின் பேரிங்கோ நட்டோ தளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி, வேகத்துக்குத் தகுந்தபடி மட்டும் கூடிக் குறைகிற கரகரப்பு என்றால் பேரிங்தான் முதல் சந்தேகம். சிமென்ட் ரோட்டில் ஒரு மாதிரியும் தார் ரோட்டில் வேறு மாதிரியும் வந்தால் டயர். டயருக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் கிரவுன் பினியன் வாங்கிப் போட்டவர்கள் பாவம்.

மூணாவது, ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாக லேசாக வளைத்து ஓட்டுவது. இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் இறங்கும். அப்போது சத்தம் கூடினால் வலது வீல் பேரிங். முனை திரும்பும்போது மட்டும் சத்தம் வந்து நேரில் வராவிட்டால், ஸ்டார் கியர் பக்கம் பார்க்கணும். நேர் ரோட்டில் அவை வேலையே செய்வதில்லையே.

"டொக்" என்ற அடி வேறு கேஸ். கிளச்சை விடும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் பின்னால் ஒரு இடி இடிக்கும். இதற்கு உடனே கிரவுன் பினியனைக் குற்றம் சொல்வதுதான் நம்ம பக்கம் அதிகம் நடக்கும் அநியாயம். அந்த இடி பல இடங்களில் உள்ள சின்னச் சின்ன ஆட்டங்களின் கூட்டுத்தொகை. கிராஸில் கொஞ்சம், ஷாஃப்ட் பள்ளங்களில் கொஞ்சம், கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே கொஞ்சம், சன் கியருக்குப் பின்னால் இருக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்ததில் கொஞ்சம். கிரவுன் பினியனை மட்டும் புதுசாகப் போட்டால் கூட்டுத்தொகையில் ஒரு வரிதான் குறையும். சக்கரத்துக்கு அடைகொடுத்து, கீழே படுத்து, ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்த்தால் கிராஸ் ஆடுவது கண்ணுக்கே தெரியும். பிறகு ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, பினியன் முகப்பை மட்டும் அப்படியும் இப்படியும் திருப்பினால் டிஃபரன்ஷியலுக்குள் மட்டும் எவ்வளவு ஆட்டம் என்று தெரியும். சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அளவே எடுக்கலாம். அதே முகப்பை முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கணும். துளி அசைந்தாலும் பினியன் பேரிங் போய்விட்டது. அந்த இடத்தில் ஆயில் கசிந்திருந்தால் இன்னும் உறுதி.

கடைசியாக எண்ணெய். முதலில் மேலே உள்ள நிரப்பும் நட்டைத் திறக்கணும், அப்புறம்தான் கீழே உள்ளதை. (வரிசை மாறி, எண்ணெயை எல்லாம் இறக்கிவிட்டு, மேல் நட்டு துருவேறித் திறக்காமல் நடுரோட்டில் நிற்பது ஒரு தனி அனுபவம்.) இறங்கிய எண்ணெயைத் தட்டில் பிடித்து வெயிலில் பார்த்தால் வண்டியின் ஜாதகமே தெரியும். சாம்பல் நிறத்தில் மை மாதிரி நைசாக இருந்தால் வயசுக்கு ஏற்ற தேய்மானம். மின்னுகிற செதில்கள் இருந்தால் பேரிங்கோ பல்லோ உரிகிறது. துண்டு கிடந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. பால் மாதிரி இருந்தால் வெள்ளம்.

இத்தனைக்கும் எவ்வளவு நேரம் ஆகும்? ஓட்டம், படுத்துப் பார்ப்பது, எண்ணெய், எல்லாம் சேர்த்து அரை நாள். இவ்வளவும் பார்த்துவிட்டு ஒரு நல்ல மெக்கானிக் சொல்லக்கூடிய பதில்கள் என்னென்ன? "கிராஸை மாத்துங்க" என்பது சில நூறு ரூபாய் லாபம். "வீல் பேரிங்" என்றால் அதைவிடக் கொஞ்சம் கூட. "த்ரஸ்ட் வாஷர் போதும்" என்றால் வேலை அதிகம், பொருள் விலை அற்பம். எல்லாவற்றையும்விட நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது: "சத்தம் வரும், பல்லு உடையாது, ஆயிலை மாத்தி ஓட்டுங்க." கொஞ்சம் ஊளையிடுகிற கிரவுன் பினியன், பேரிங் நன்றாக இருந்தால், வருஷக்கணக்கில் ஓடும். தேய்ந்து பழகிய பல்லை நெருக்கி வைத்துச் சத்தத்தைக் குறைக்கப் பார்த்தால் பெரும்பாலும் சத்தம் கூடத்தான் செய்யும். ஏனென்றால் பழகிய இடத்தை விட்டுப் பல் வேறு இடத்தில் கடிக்க ஆரம்பிக்கும். ஆக, அரை நாள் வேலை செய்து, சரியான பதிலைச் சொல்லி, அந்த மெக்கானிக் வீட்டுக்கு எடுத்துப் போவது பூஜ்யம். "நாலு வார்த்தை சொன்னதுக்கு என்னங்க காசு?" என்று கேட்டுவிட்டு ஓனர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவார். டாக்டரிடம் போய் "ஒண்ணும் இல்ல, சாதாரண ஜுரம்" என்று கேட்டால் மட்டும் ஃபீஸை வைத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம்!

இதற்கு எக்கனாமிக்ஸில் ஒரு பெயர் இருக்கிறது. 1973-ல் டார்பி, கார்னி என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். சில சரக்குகளின் தரம் வாங்கும் முன்பே தெரியும், கத்திரிக்காய் மாதிரி. சிலவற்றின் தரம் சாப்பிட்டபின் தெரியும், ஹோட்டல் சாம்பார் மாதிரி. மூணாவது வகையில் வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தெரியாது. ரிப்பேரும் வைத்தியமும் அந்த வகை. போயிருந்ததா என்று சொல்பவரும் அவரே, சரிசெய்பவரும் அவரே. கிரவுன் பினியனை மாற்றியபின் வண்டி சத்தமில்லாமல் ஓடினால், பழையது உண்மையிலேயே போயிருந்ததா, இல்லை கூடவே மாற்றிய பேரிங்காலும் புது எண்ணெயாலும் சரியானதா என்று ஓனருக்கு எந்தக் காலத்திலும் தெரியாது. இந்த மாதிரி வியாபாரத்தில் பார்ப்பதற்குத் தனிக் கூலி இல்லையென்றால், அந்தக் கூலி மாற்றும் பொருளின் விலையில் ஒளிந்துகொள்ளும். ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமென்றால் பொருளை மாற்றியே தீரணும். இதில் யாரும் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதற்கு மூணு வருஷம் முன்னால், 1970-ல், அக்கர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை இதைவிடப் பிரபலம். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதுவும் ஒரு முக்கியக் காரணம். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் நல்ல சரக்கு சந்தையைவிட்டு ஓடிப்போகும் என்பது அதன் சாரம். டிஃபரன்ஷியல் இதற்கு அருமையான உதாரணம். சத்தம் போடும் கூட்டில் மரத்தூளைக் கொட்டி எண்ணெயைக் கெட்டியாக்கினால் விற்கிற வரைக்கும் சத்தம் அடங்கிக் கிடக்கும். உலகம் பூராவும் பழைய கார் வியாபாரத்தில் பேர்போன தந்திரம் இது. கொஞ்சம் நாகரிகமான ஆட்கள் மரத்தூளுக்குப் பதில் 140 நம்பர் ஆயில் ஊற்றுவார்கள். புதுப்பேட்டையிலிருந்து வரும் பழைய செட்டும் இதே சந்தையின் சரக்குதான். எந்த வண்டியில் இருந்தது, எத்தனை லட்சம் கி.மீ. ஓடியது, எந்த வெள்ளத்தில் நின்றது, எதுவும் தெரியாது. தெரியாத ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னும் தெரியாத ஒன்றை மாட்டுவதற்குப் பெயர் ரிப்பேரா?

ஒரு கணக்குப் போடலாம். எண்கள் கற்பனைதான், உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். செட்டை மாற்ற 12,000 ரூபாய், அரை நாள் பார்த்துச் சொல்ல 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு வண்டியில் ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் சத்தம் வேறிடத்திலிருந்து வருகிறது என்றாலும், பார்க்காமல் மாற்றுவதில் வண்டிக்குச் சராசரி 3,000 ரூபாய் தண்டம். 800 கொடுத்து அதைத் தவிர்க்க முடிகிறது. பத்து வண்டியில் ஒன்றுதான் அப்படி என்றாலும் 1,200 ரூபாய் தண்டம், இன்னமும் லாபம்தான். பதினைந்துக்கு ஒன்று என்று வரும்போதுதான் ரெண்டும் சரிக்குச் சரியாகிறது. ஆறு சந்தேக நபர்கள் இருக்கும் கேஸில், தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து, பதினைந்தில் பதினாலு தடவை சரியாகச் சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் அவரைக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

உண்மையிலேயே கிரவுன் பினியன் போயிருந்தாலும் பார்க்கும் வேலை முடிவதில்லை, அப்போதுதான் ஆரம்பம். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடு ஒன்று உராய்ந்து பழக்கப்படுத்திய ஜோடி. ஜோடி எண்ணைப் பெரும்பாலும் இரண்டிலும் பொறித்திருப்பார்கள். பினியன் மட்டும் மாற்றுகிறேன் என்பது ஒரு கால் செருப்பை மட்டும் வேறு கடையில் வாங்குவது மாதிரி. புது ஜோடியை உட்கார்த்தும்போது பினியனின் ஆழத்தை மெல்லிய சிம் தகடுகளால் சரிசெய்யணும். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே உள்ள ஆட்டத்தை டயல் கேஜ் வைத்து அளக்கணும். இந்த அளவுப் பல்லுக்கு அது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, ரெண்டு என்ற கணக்கில்தான் இருக்கும். கையால் ஆட்டிப் பார்த்து "கரெக்டா இருக்கு" என்று சொல்ல முடியாத அளவு.

பிறகு பல்லில் மை தடவிச் சுற்றிப் பார்ப்பது. இந்த வேலையிலேயே அழகான கட்டம் இது. நீல மையோ செந்நிற ரெட் லெட் பூச்சோ கொஞ்சம் எண்ணெயில் குழைத்து கிரவுனின் நாலைந்து பல்லில் தடவி, கிரவுனைக் கையால் லேசாகத் தடுத்துக்கொண்டு பினியனைச் சுற்றினால், பல் கடித்த இடத்தில் மை அழிந்து ஒரு தடம் தெரியும். தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழுந்தால் ஜெயம். பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது, உள்ளே கொண்டுபோகணும். அடியில் விழுந்தால் அளவுக்கு மீறி உள்ளே போய்விட்டது. பல்லின் நீளத்தில் ஒரு ஓரமாக ஒதுங்கினால் கிரவுனை இடமோ வலமோ நகர்த்தணும். ஒவ்வொரு தடவையும் கழற்று, சிம் மாற்று, மாட்டு, மை தடவு. நாலு தடவை, ஐந்து தடவை. பொறுமையில்லாதவர் ரெண்டாவது தடவையிலேயே "ஓடினா சரியாயிடும்" என்று மூடிவிடுவார். ஓடினால் சரியாகாது. ஹைபாய்டு பல் தப்பான இடத்தில் கடித்தால் அந்தத் தப்பைத்தான் தேய்த்துத் தேய்த்து நிரந்தரமாக்கும்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் மட்டுமில்லை, எந்தச் சின்ன ஊரிலும் இந்த மைத்தடம் பார்க்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அம்பாசடரும் பழைய லாரியும் ஓடிய காலத்தில் தொழில் கற்றவர்கள். முன்சக்கரத்தில் ஓடும் இன்றைய கார்களில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே போய்விட்டது. அதைத் தனியாகத் திறந்து அமைக்கும் வேலை சின்ன ஷெட்டுக்கு வருவதே அபூர்வம். புதிதாகக் கற்கிற பையனுக்கு இதைக் கற்க என்ன காரணம் இருக்கிறது? அரை நாள் பார்த்தாலும் காசு இல்லை, அஞ்சு தடவை சிம் மாற்றினாலும் அதே கூலி, ரெடிமேட் செட்டைத் தூக்கி மாட்டினால் ரெண்டு மணி நேரத்தில் முழுக் கூலி. அவன் முட்டாள் இல்லை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கதை கொஞ்சம் வேறு. சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான, தமிழ்நாட்டின் சொந்தக் கார் அது. ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சட்டத்தோடு சேர்த்து மாட்டப்பட்டு, ரெண்டு பக்கமும் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். அந்தத் தொழிற்சாலை 1980களின் கடைசியிலேயே கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அம்பாசடர் மாதிரி வண்டி வண்டியாகப் பழைய செட் குவிந்துகிடக்காததால், அவர்களுக்குப் பார்த்துப் பொறுமையாகச் சரிசெய்வதைத் தவிர வேறு வழி குறைவு. சரக்கு இல்லாத இடத்தில் வித்தை பிழைக்கிறது, என்ன முரண்!

"இவ்வளவு செலவு செய்து இந்தப் பழைய டப்பாவை ஏன் வைத்துக்கொள்ளணும்? விற்றுத் தொலைத்தால் என்ன?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. 15 வருடம் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. சைகை என்ன என்று எல்லாருக்கும் புரிகிறது. புகை விஷயத்தில் அரசு சொல்வதிலும் நியாயம் உண்டு. தினமும் நூறு கி.மீ. ஓட்டுகிறவர் அம்பாசடரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ஆனால் மாதத்துக்கு ரெண்டு தடவை கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் எடுக்கிற வண்டிக்கு, அல்லது அதை ஓட்டித்தான் சாப்பாடு என்று இருக்கிற ஒரு டாக்சிக்காரருக்கு, புது வண்டியின் மாதத் தவணைக்குப் பக்கத்தில் ஒரு கிராஸும் ஒரு பேரிங்கும் எங்கே? விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வதற்கே என்ன போயிருக்கிறது என்று முதலில் தெரியணும். அதுவும் அந்த 800 ரூபாய் விஷயம்தான்.

இன்னொரு ஆட்சேபம்: "பார்க்கவும் காசு வாங்கிக்கொண்டு, பிறகும் கிரவுன் பினியன்தான் என்று சொன்னால்?" சொல்லலாம். அதற்குத்தான் மேலே இவ்வளவு நீட்டியது. பார்க்கக் காசு கொடுத்தவருக்குக் கேட்கவும் உரிமை வருகிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகலாம். இழுக்கும்போதா விடும்போதா என்று தானும் கேட்கலாம். சாக்பீஸ் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று காட்டச் சொல்லலாம், எண்ணெயைத் தட்டில் காட்டச் சொல்லலாம். மாற்றினால் பழைய ஜோடியை வீட்டுக்கு எடுத்து வரலாம், பல்லில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். முடிந்தால் பார்ப்பவர் ஒருவராகவும் சரிசெய்பவர் இன்னொருவராகவும் வைத்துக்கொள்ளலாம். பார்த்ததற்குத் தனியாகக் காசு வாங்கியவருக்கு, மாற்றுவதில் லாபம் தேட வேண்டிய நெருக்கடியும் குறைகிறது. டார்பியும் கார்னியும் கவலைப்பட்டது இந்த ரெண்டும் ஒரே கையில் இருப்பதைப் பற்றித்தான்.

ஷெட்காரர்கள் பக்கமும் ஒன்று செய்யலாம். பார்க்கும் கூலி இவ்வளவு, வேலையை இங்கேயே கொடுத்தால் அதில் பாதி கழித்துக்கொள்ளப்படும் என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டலாம். முதல் மாதம் நாலு பேர் முறைத்துவிட்டுப் போவார்கள். போனவர்களில் ஒருவராவது, புதுப்பேட்டை செட் மாட்டியும் சத்தம் நிற்காமல், கார்த்திகை மழைக்குள் திரும்பி வருவார்.